பெட்டிக்குப் போர்த்திய பொன்னாடை

மனிதன் படைத்தவனுக்கே பாடம் எடுக்கும் பொன்னாள் இது என்று டாக்டர் அருளானந்தம் மேடையில் முழங்கியபோது மைக் கீச்சிட்டு அவரை அடக்கியது. அவர் பக்கத்தில், கதகதப்பான கண்ணாடிப் பெட்டிக்குள், தபால்தலை அளவில் ஒரு சதைத்துண்டு தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தை ஆன்சியின் உயிரணுக்களை எடுத்து வளர்த்தது. நாளை அந்த ஓட்டையை அடைக்க வைத்துத் தைக்கப்போவது. ஆன்சியின் அம்மா சகாயராணியை முன்வரிசையில் காட்சிக்கு உட்கார வைத்திருந்தார்கள்.

அமைச்சர் டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் ஓயாததால் இன்னொன்றை விரித்துப் பெட்டிக்கும் போர்த்திவிட்டுப் பேச ஆரம்பித்தார். காற்றுத் துளைகள் மூடிக்கொண்டன. பெட்டி அபாய ஒலி எழுப்பியது.

"துணிய எடுங்க டாக்டரு, எம்புள்ளைக்கு வைக்கிறது அவிஞ்சிரும்!"

"அமைச்சர் போர்த்தினத நான் எப்படிம்மா எடுக்கிறது? உக்காரு."

"ஒம்ம புள்ளைக்குன்னா இப்படிக் கையக் கட்டிக்கிட்டு நிப்பீராக்கும்?"

போலீஸ்காரி ஒருத்தி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

பேச்சு ஒருவழியாக முடிந்து ஆடையை விலக்கியபோது துண்டு அசையவில்லை. டாக்டர் அது கிடந்த தட்டை வெளியே எடுத்து கேமராவுக்கு நேரே உயர்த்தினார். பெரிய திரையில் அது மறுபடி துடித்தது. அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. சகாயராணி அழுதுகொண்டே மேடையேறி, கிட்டே போய்ப் பார்த்தாள்.

தட்டின் அடியில் டாக்டரின் சுண்டுவிரல் தட்டிக்கொண்டிருந்தது.