பால்கனிக்கு ஆயுள் பார்த்தவர்

“பார்த்துட்டு மறைக்காம சொல்லிடுங்க சார். இன்னும் எத்தனை நாள்?” மகன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். உள்ளறையில் அப்பா விடாமல் இருமிக்கொண்டிருந்தார்.

வந்தவர் பையைத் திறந்து ஒரு சின்னச் சுத்தியலை வெளியே எடுத்தார். அவர் டாக்டர் இல்லை, கட்டட இன்ஜினியர். கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்து, அதற்கு இன்னும் எவ்வளவு காலம் ஆயுள் என்று சொல்வதுதான் தொழில்.

‘கான்கிரீட் ஜோசியர்’ என்றே அவருக்குப் பெயர். ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு ஆறு மாதம் என்று கெடு சொன்னார், ஆறாவது மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது அது படுத்துவிட்டது. அந்தக் கதையைக் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இப்போது அவர் பார்க்க வந்தது ஒரு பால்கனியை. இடுப்பெலும்பு முறிந்து பதினோரு மாதமாக அப்பா கட்டிலே கதி என்று கிடக்கிறார். நாலாவது மாடியிலிருந்து இறங்க வழியில்லை. பால்கனியில் உட்கார்ந்து தெருவில் போகிற நாலு மனுஷ முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று மனிதர் தவியாய்த் தவிக்கிறார்.

பால்கனியோ அடியில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிய நிற்கிறது. விஷயம் தெரிந்தவர் வந்து பார்க்காமல் விடமாட்டேன் என்று மகன் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

“வாங்க ஜோசியரே!” என்றார் அப்பா. “அப்படியே என்னையும் ரெண்டு தட்டு தட்டிப் பாருங்க. எந்த மழைக்கு விழுவேன்னு தெரிஞ்சுக்கறேன்.”

“சும்மா இருங்கப்பா!” என்று அதட்டிவிட்டு, அவர் வாயோரம் வழிந்த மருந்தை மகன் துடைத்துவிட்டான்.

“இவன் இல்லேன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன் சார். என் இருமல் தாங்காம மருமக அவங்க அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாசமாச்சு. அவரா, நானான்னு கேட்டுட்டே போனா. அப்பவும் இவன் என்னை விடலையே!” கிழவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜோசியருக்குத் தன் அப்பா நினைவு வந்தது. அவரை எங்கோ ஒரு முதியோர் விடுதியில் சேர்த்துவிட்டு, மாதம் ஒரு போனோடு கடமையை முடித்துக்கொள்கிறவர் இவர். இப்படியும் ஒரு பிள்ளையா என்று இருந்தது.

மகன் பால்கனிக் கதவைத் திறந்ததும் ஜோசியர் காலை வெளியே வைக்கவில்லை. வாசற்படியிலேயே மண்டியிட்டு, சுவரை ஒட்டிக் கொஞ்சம் கொத்தி எடுத்து, பையிலிருந்த சோதனை மருந்தைத் தெளித்தார். உயிருள்ள கான்கிரீட் என்றால் மருந்து பட்டதும் ரோஸ் நிறமாகும். இதுவோ பச்சைத் தண்ணீர் தெளித்த மாதிரி அப்படியே கிடந்தது.

பால்கனியை இழுத்துப் பிடித்திருக்கும் மேல் கம்பியைச் சுரண்டினார். விரல் கனத்துக்கு இருக்க வேண்டியது ஊசி கனத்துக்கு வந்திருந்தது. அவர் எழுந்து, மகனைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“ஆள் ஏறாம இருந்தா ரெண்டு வருஷம் ஒப்பேத்தும் தம்பி. நாற்காலி போட்டு ஒருத்தர் தினமும் உக்காந்தா...” கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். “பத்து நாள். மிஞ்சிப்போனா பதினஞ்சு.”

“விரிசல் கிரிசல் விட்டு முன்னாடியே காட்டாதா சார்?”

“இது அந்த ரகம் இல்ல. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சும்பாங்க. மறுநாள் பார்த்தா அப்படியே ஒரேடியாப் போயிருக்கும்.”

மகன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். “அவர் எங்கிட்ட ஆசையாக் கேட்டதே இது ஒண்ணுதான் சார்.”

“மனசை விடாதீங்க. கதவைப் பூட்டியே வைங்க. விவரமா ரிப்போர்ட் எழுதி, கையெழுத்துப் போட்டு நாளைக்கே அனுப்பிடறேன்.”

“ஐயோ, பேப்பரெல்லாம் வேண்டாம் சார்! அது அப்பா கண்ணுல பட்டா உடைஞ்சே போயிடுவார். நீங்க சொன்னா சொன்னதுதான்னு எல்லாரும் சொல்றாங்க. உங்க வாய் வார்த்தை போதாதா?”

இருபது வருட சர்வீசில் எழுத்தில் கொடுக்காமல் அவர் ஒரு செங்கல்லைப் பற்றிக்கூட அபிப்பிராயம் சொன்னதில்லை. ஆனால் இந்தப் பிள்ளையின் பாசத்துக்கு முன்னால் ரிப்போர்ட் என்ன பெரிய ரிப்போர்ட்! சரி என்று தலையாட்டிவிட்டார்.

“அவர்கிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?” என்று கேட்டார்.

“நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன் சார்.” மகன் அவர் கண் முன்னாலேயே பால்கனியைப் பூட்டினான்.

தெருவில் இறங்கியதும் ஜோசியர் அண்ணாந்து பார்த்தார். ஜன்னலில் நின்ற மகன் கையெடுத்துக் கும்பிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமையே விடுதிக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டே அவர் நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை மகன் ஜன்னலை விட்டு நகரவில்லை. பிறகு உள்ளறைக்கு வந்தான்.

“அப்பா, இன்னும் நூறு வருஷம் அசையாதுன்னு சொல்லிட்டாரு! வாங்க, தெரு நல்லாத் தெரியற மாதிரி நாற்காலியை ஓரமாவே போட்டுத் தரேன்.”