தெரியுதா?

மனைவியின் கண்கள் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டார் டாக்டர்.

கண்ணை மூடிக்கொள் என்று சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அவள் கணக்கு டீச்சர். பிள்ளைகள் பிட் அடிக்கும் வித்தைகளைப் பிடித்துப் பிடித்தே அத்தனையும் அவளுக்கு அத்துப்படி.

போர்வையை முழங்கால்வரை ஒதுக்கினார். புது ஊக்கு ஒன்றைத் திறந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுடைய கால்கள் இரண்டும், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி கிடந்தன.

முதுகுத்தண்டுக்குள் கட்டி. பட்டாணி அளவுதான். எடுத்தது அவரேதான்.

வீட்டு ஆட்கள் மேல் கத்தி வைக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் எல்லாரும் மதிக்கிற விதி. வேறு டாக்டரை ஏற்பாடு செய்துதான் வைத்திருந்தார். அவள் ஒரே பிடியாக நின்றாள். ஊர் உலகமெல்லாம் முதுகை உங்களிடம் நம்பிக் கொடுக்கிறது, நான் மட்டும் ஏன் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்றாள்.

கட்டி சுத்தமாக வந்துவிட்டது. கால்கள்தான் திரும்பி வரவில்லை.

ஊக்கு குத்துவது மட்டும் தெரிந்துவிட்டால் போதும், மெல்ல மெல்ல நடக்க வைத்துவிடலாம். தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் கேட்பார். அவள் இல்லை என்பாள்.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கத்தியைத் தொடவே இல்லை. வருகிறவர்களை எல்லாம் வேறு டாக்டர்களிடம் அனுப்பிக்கொண்டிருந்தார். அது அவள் காதுக்கு எட்டாது என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மைக்ராஸ்கோப்புக்குக் கீழே நரம்பை நெருங்கும்போது, தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார். டாக்டருக்கு மூச்சு நின்றுவிட்டது, நரம்பு வந்துவிட்டது என்று நர்சுகள் முகமூடிக்குள் சிரித்துக்கொள்வார்கள். வீட்டில் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோக்கும்போதும் அதே கூத்துதான். மூச்சை விடுங்கள், ஊசி எங்கேயும் ஓடிப்போகாது என்று அவள் கேலி செய்வாள்.

இன்றைக்கு ஊக்கைப் பெருவிரலில் வைத்தார்.

"தெரியுதா?"

"தெரியுது," என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவசரப்படாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆசையில் ஆமாம் என்று சொல்லிவிடும் நோயாளிகள் நிறைய. அவர்களைப் பிடிக்க அவரிடம் பழைய தந்திரம் ஒன்று இருந்தது. தொடாமலே கேட்டார்.

இல்லை என்றாள். சாப்பாட்டு மேஜையில் நீங்கள் பெருமையடித்துக்கொண்ட வித்தையை என்னிடமே காட்டுகிறீர்களா என்று சிரிக்கவும் செய்தாள்.

உள்ளங்காலில் குத்தினார். தெரிந்தது. தொடாமல் கேட்டார். தெரியவில்லை. குதிகாலில், கெண்டைக்காலில், மறுபடி பெருவிரலில். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவருக்கு அழுகை வந்தது. உடனே மகளுக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வராந்தாவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கணுக்காலுக்கு ஊக்கைக் கொண்டுபோனார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கை அப்படியே நின்றது.

"தெரியுது," என்றாள் மனைவி.

நர்ஸ் தலையை நீட்டினாள். சாரத்திலிருந்து விழுந்த பெயிண்டர் ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னாள். தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் பிய்ந்துவிட்டன, வலது கையை அசைக்க முடியவில்லை. நீங்கள் பார்க்கிறீர்களா, இவரையும் வேறு யாரிடமாவது அனுப்பிவிடவா என்று கேட்டாள்.

காத்திருக்கும்படி மறு கையால் சைகை காட்டினார். கதவு மூடியது.

குனிந்து பார்த்தார். ஊக்கின் முனை தோலுக்கு மேலே ஒரு நூல் உயரத்தில் நின்றிருந்தது. தொடவே இல்லை.

அப்போதுதான், அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சு அவரை அறியாமல் வெளியே வந்தது. அந்தச் சத்தத்தை அவரே கேட்டார்.

பிறகு, மாடிப்படி ஏறி வந்தவர் போல மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டே, ஊக்கைப் பெருவிரலில் வைத்து அழுத்தினார். இதுவரை எந்த நோயாளியையும் அவர் அப்படிக் குத்தியதில்லை. தெரியுதா என்று கேட்டார்.

"இல்லையே. மறுபடியும் ஏமாத்தப் பாக்குறீங்க."

துண்டுக்குக் கீழே அவள் உதடுகள் சிரித்தன. பெருவிரலில் ஒரு சொட்டு ரத்தம் திரண்டு நின்றது. பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

ஊக்கை மூடினார். க்ளிக் என்ற சத்தம் அந்த அறையில் நன்றாகவே கேட்டது. அதை மேஜை மேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு அவள் பாதத்தருகே குனிந்து, அவள் காதில் விழும்படி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"தெரியுது," என்றாள். "எல்லாமே தெரியுதுங்க. நீங்க போய் அந்தப் பெயிண்டரோட கையப் பாருங்க."