அச்சு அசல்

டிவி நாடகத்தில் வந்த வீட்டுச் சொந்தக்காரி, காலையில் போட்ட தேயிலையிலேயே மாலைக்கும் தேநீர் வடித்தாள். விதவை மிஸஸ் ஹாக்கின்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் கிளைவுக்கோ வியர்த்துக் கொட்டியது.

“அந்தக் கஞ்சப் பிசினாறி யார் மாதிரி இருக்கா, சொல்லு தம்பி?”

“தெ... தெரியலைங்க.” மனதுக்குள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டான்.

“நம்ம எதிர்வீட்டு டோரிஸ். அச்சு அசல் அவளேதான்.”

கிளைவுக்கு உயிர் வந்தது. மிஸஸ் ஹாக்கின்ஸ் அவன் கோப்பையில் சாயமே இல்லாத தேநீரை ஊற்றினார்.

“தினமும் டைப் அடிச்சுக்கிட்டே என் குரல்ல வசனம் பேசிப் பாக்குறியே, கீழ வரைக்கும் கேக்குது. எழுதுறதுதான் எழுதுற, அடுத்த வார நாடகத்துல எனக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையாப் பாத்து எழுது.”