ஒரு வெளியூர் ஆள் வேண்டும்

"வெளியூர்க்காரனா இருக்கோணும், மணிகண்டா. இந்த ஊர்ல சொந்தபந்தம்னு ஒருத்தரும் இருக்கப்படாது. நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு மணி நேர வேலை, அவ்வளவுதான்."

கந்தப்பன் செல்போனில் அடித்தொண்டையில் பேசியதைக் கேட்டால், யாரையோ தீர்த்துக்கட்ட ஆள் தேடுகிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும். அட, அப்படியெல்லாம் இல்லை. மலையாள எல்லைக்குள் இருக்கும் நல்லேப்பிள்ளியில் ஐந்து ஏக்கர் நெல் வயலும், போன மாதம் கிடைத்த பள்ளிக்கூடத்துப் பி.டி.ஏ. தலைவர் பதவியும் உள்ள சாது மனிதர் அவர்.

ஆள் தேவைப்பட்டது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் தமிழ்ப்ரியாவுக்கு. அவளுடைய பள்ளியும் ஜப்பானில் ஒரு பள்ளியும் கூட்டுச் சேர்ந்து, ஊர் விட்டு ஊர் வந்து வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. நாளை வீடியோவில் இங்கிருந்து அப்படி ஒருவரைப் பேட்டி எடுத்துக் காட்ட வேண்டும். ஆளைக் கூட்டி வருகிற பிள்ளைதான் கேள்வி கேட்கலாம்.

ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் கேள்வி கேட்டுப் பழகியிருந்தாள் தமிழ்ப்ரியா. வருகிறேன் என்று சொல்லியிருந்த பெங்கால் மேஸ்திரியோ, நாற்று நட்டு முடித்த கையோடு தன் ஆட்களுடன் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார். பரோட்டாக் கடை ஒடிசாக்காரர் கல்லை விட்டு நகர மாட்டேன் என்றார். கடைசியாக நம்பியிருந்த ரைஸ் மில் மணிகண்டனும் இப்போது கையை விரித்துவிட்டான்.

"ஆளில்லீன்னா எங்க கிளாஸ் நர்மதாதானுங்கப்பா பேசுவா. அவ ஒரு நேபாள வாட்ச்மேனைப் புடிச்சு வெச்சிருக்கறா" என்று மூக்கை உறிஞ்சினாள் தமிழ்ப்ரியா. மகள் கண் கலங்கினால் கந்தப்பனுக்குத் தாங்காது.

அந்த நேரம் பார்த்துத் தொழுவத்திலிருந்து பால் செம்போடு வந்தாள் அவர் மனைவி ராசம்மாள். அந்த வீட்டுச் செவலைப் பசு அவள் கை பட்டால்தான் பால் விடும். வேறு யார் உட்கார்ந்தாலும் உதைதான். கந்தப்பனே இரண்டு முறை வாங்கியிருக்கிறார்.

"ஆளை நானு பாத்துக் குடுக்கறேனுங்க. நீங்க நாளைக்கு மொறைத்தண்ணி கட்டற வேலையப் பாருங்க" என்றாள்.

"நீயா?" கந்தப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்ணாலமாகிக் கோபாலபுரம் செக்போஸ்ட்டத் தாண்டி வந்தவ, அப்பறம் நம்மூட்டு வாசப்படியே தாண்டலையே. உனக்கு ஆரைத் தெரியும்?"

ராசம்மாளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரவே பத்தரை ஆகிவிட்டது. வயலுக்கு மடை திருப்பி, கால் சேற்றைக் கழுவி, வெள்ளை வேட்டிக்கு மாறி அவர் பள்ளிக்கு ஓடியபோது பேட்டி முடிந்தே போயிருந்தது. திரையில் ஜப்பான் பிள்ளைகள் குனிந்து குனிந்து விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். தமிழ்ப்ரியாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"ஆரு கண்ணு வந்தது?"

"பேரைச் சொல்லப்படாதுங்கப்பா. ரெண்டு ஸ்கூலுக்கும் அதுதான் ரூல்ஸு. பதில் வர வரப் புள்ளைங்க சார்ட்ல எழுதி ஒட்டியிருக்கறாங்க, படிச்சுக்கங்க."

படித்தார். வந்து பதினேழு வருஷம் ஆகிறதாம். வந்த புதிதில் மலையாளம் தெரியாமல் ரேஷன் கடையில் நின்று அழுதாராம். காலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பத்து வரை வேலை, ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. கடைசியாகச் சொந்த ஊருக்குப் போனது மூன்று வருஷத்துக்கு முன், தேர்த் திருவிழாவுக்கு. தேர் நிலைக்கு வருவதற்குள், மாடு கறக்க ஆளில்லை, உடனே கிளம்பி வா என்று போன் வந்துவிட்டதாம்.

ஒடிசாவில் தேர் ரொம்பப் பெரிசு என்று கந்தப்பன் டிவியில் பார்த்திருக்கிறார். எவனோ ஒடிசாக்காரன்தான், பாவம் என்று முடிவு கட்டிவிட்டார்.

முதலாளி நல்லவரா என்பது ஜப்பான் பிள்ளைகள் கேட்ட கடைசிக் கேள்வி. 'கெட்டவர் இல்லை. என்னிடம் எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான்' என்று பதில் இருந்தது. பயந்துபோய் அப்படிச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்ததும் கந்தப்பனுக்கு ரத்தம் கொதித்தது.

"பிரசிடென்ட் சாரே, ஒரு ரெண்டு வாக்கு பேசணும்" என்று மைக்கை நீட்டினார் ஜிஜி டீச்சர். கந்தப்பன் மேடையேறி அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"நம்மூர்ல இப்படியொரு மொதலாளி இருக்கறது நமக்கே கேவலமுங்க! தேர் பாக்கப் போன சீவனை மாடு கறக்கோணும்னு திருப்பிக் கூப்பிட்டவன் மனுசனுங்களா? ஏன், அவனுக்குக் கையில்லையா?"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜிஜி டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. எல்லாரையும் அழவைத்துவிட்டோம் என்று கந்தப்பனுக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது.

தமிழ்ப்ரியா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போதுமுங்கப்பா, எறங்குங்க."

"நீ சும்மா இரு கண்ணு. நானு எவனுக்கும் பயப்படற ஆளில்லே. இப்பவே லேபர் ஆபீசுக்குப் போன் போடறேன். ஆராவது தெகிரியமாச் சொல்லுங்க, எவனூட்டு மாடு அது?"

விருந்தாளியை உட்கார வைத்திருந்த பக்கத்து அறையிலிருந்து, டீ கிளாஸும் கையுமாக ராசம்மாள் வெளியே வந்தாள்.

"நம்ம செவலைதானுங்க."