ஏழிலைக் கொப்பு

கையில் கத்தியோடு பக்கத்து வீட்டு நாகலெட்சுமி வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மூக்கையா பாய்ந்துபோய் ரோஜாச் செடிக்கு முன்னால் மறித்து நின்றார்.

"கத்தியோட இங்கன என்ன சோலி?"

"உங்க கழுத்துக்கு இல்லண்ணே, பயப்படாதீக. செடிக்குத்தான்" என்றாள். "ஒட்டுக் கட்டுன எடத்துக்குக் கீழ, வேருலருந்து ஒரு கொப்பு கொழுகொழுன்னு கெளம்புது பாருங்க. அது காட்டு ரோசா. எலைய எண்ணுங்க, காம்புக்கு ஏழு இருக்கும். மேல இருக்கிற நல்ல ரோசாவுக்கு அஞ்சுதான். ஏழிலைய அறுத்து எறிங்க. விட்டா சத்தெல்லாம் அதே குடிச்சிரும், பூவே பாக்க முடியாது."

மூக்கையா குனிந்து எண்ணினார். ஏழுதான். ஆனால் அஞ்சிலைக் கொப்புகள் நோஞ்சானாய் நின்றன, ஏழிலையோ எருமைக் கன்று மாதிரி திமிறிக்கொண்டு நின்றது. இதைப் போய் வெட்டச் சொல்கிறாளே!

கட்டின பொண்டாட்டியிடமே பெட்டிச் சாவியைக் கொடுக்காதவர் அவர். இவளை நம்புவாரா? போன ஆனியில் இவள் மகள் பூமயிலைப் பற்றி விசாரிக்கத் தொண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "ஏமாத்துக்காரக் குடும்பம்யா, வேற எடம் பாருங்க" என்று மூக்கையா டீக்கடையில் வைத்தே சொன்னார். பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் நாகலெட்சுமி அவரோடு வாய் திறந்து பேசுகிறாள்.

"நீ எனக்கு நல்லது சொல்ல வந்தியாக்கும்?"

"நம்புனா நம்புங்க. தையில உங்க மக உமையாளுக்கு வளைகாப்பாமே. அய்யா வளத்த ரோசாவத்தான் தலை நெறைய வைப்பேன்னு புள்ள தெருவெல்லாம் சொல்லிட்டுப் போச்சு. அதான் சொன்னேன்."

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள்பாட்டுக்குப் போய்விட்டாள்.

"பூ வளக்கத் தெரிஞ்சவ சொல்றா, கேளுங்களேன்" என்றாள் மூக்கையாவின் பெண்டாட்டி.

"கூறுகெட்டவளே! அவ வெட்டச் சொல்றான்னா, அதுலதான் செடிக்கு உசுரு இருக்குன்னு அர்த்தம்."

அரிவாளை எடுத்தார். நோஞ்சான் கொப்புகளை ஒட்டக் கழித்துப் போட்டார். ஏழிலைக்கு ஆட்டுப் புழுக்கை வைத்தார், மீன் கழுவின தண்ணீர் ஊற்றினார். கிணறு உப்புக்கரித்தபோது குடிக்க வாங்கின நல்ல தண்ணீரிலும் அதற்கு ஒரு பங்கு போனது.

தை பிறந்தது. செடி ஆள் உயரத்துக்கு நின்றது. பேருக்கு ஒரு மொட்டு இல்லை.

வளைகாப்பு அன்று காலையில் உமையாள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு செடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "அய்யா, பூ எங்கய்யா?" கடையில் வாங்கின வாடின கனகாம்பரத்தை வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தவளுக்குக் கண் நிறைந்திருந்தது.

மூக்கையா விறுவிறுவென்று வேலிக்குப் போனார். அந்தப் பக்கம் நாகலெட்சுமி தன் செடியில் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருந்ததைப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"அடி சண்டாளி! என் செடிக்கு என்னத்த வச்ச?"

"நான் எதுக்குண்ணே வைக்கப் போறேன்? ஏழிலைய அறுக்கச் சொன்னேனே, அறுத்தீகளா?"

"ஓம் பேச்ச நான் கேப்பனா? நீ சொன்னதுக்கு நேர்மாறாத்தான் செஞ்சேன்!"

நாகலெட்சுமி ஒரு பூவைக் கிள்ளி, பக்கத்தில் நின்ற பூமயிலின் தலையில் செருகினாள். பிறகு நிதானமாக அவர் பக்கம் திரும்பினாள்.

"தெரியும்ணே. அதுக்குத்தானே உண்மையச் சொன்னேன்."