ஒரே ஒரு சிவப்பு

கிருமி இருக்கட்டும் மாதாவே, நிறைய இருக்கட்டும்.

உலகத்தில் எவளாவது இப்படி வேண்டிக்கொள்வாளா? இரத்தினபுரியில், சளி சோதிக்கும் லேப் வாசலில் நின்றுகொண்டு திரேசா அப்படித்தான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் யோசப், குருவிட்ட பக்கத்து றப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். இப்போது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், தங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுகிறான். எலும்பும் இருமலும்தான் மிச்சம்.

எக்ஸ்ரே படத்தில் நெஞ்சுக்குள்ளே வெள்ளையாக ஏதோ தெரிகிறதாம். டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சளியில் கிருமி இருந்தால் காசநோய். ஆறு மாதம் மாத்திரை தின்றால் ஆள் எழும்பிவிடுவான். கிருமி இல்லாவிட்டால் மஹரகமைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மஹரகம என்றால் புற்றுநோய் ஆஸ்பத்திரி. லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

அன்றிலிருந்து திரேசாவுக்குக் கிருமிதான் சாமி.

முதல் போத்தல் சளியில் கிருமி இல்லை என்றார்கள். இரண்டாவதிலும் இல்லை. இது மூன்றாவது, கடைசி.

காலையில் பஸ்ஸை மறித்த ஆமிக்காரன் அந்தப் போத்தலைத் தூக்கிப் பிடித்து, “மே மொகத்த?”, இது என்ன, என்று கேட்டான். சளி என்று சிங்களத்தில் சொன்னாள். அவன் அவசரமாக அதைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

லேப் கதவு திறந்தது. சோதித்துப் பார்க்கும் மக்கீன் வெளியே வந்தார். திரேசா ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

“இல்ல தங்கச்சி. நல்லாத் தேடிட்டேன்.”

“இதுல இல்லாம இருக்காதுங்க ஐயா! இன்னொருக்கா பாருங்க. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்.”

கும்பிட்டதோடு விடவில்லை, காலில் விழவே போய்விட்டாள். மனுஷன் பதறிப்போனார். உள்ளே விடக்கூடாதவளை உள்ளே கூட்டிப்போய், மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டார். எல்லாம் நீலமாகத் தெரியும், கிருமி இருந்தால் அது மட்டும் சிவப்பு, அறுந்த நூல் துண்டு மாதிரி, என்றார்.

திரேசா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

நீலம். மக்கீன் கண்ணாடித் துண்டை மெல்ல நகர்த்தினார். மறுபடியும் நீலம்.

வந்து தொலையேன். ஒன்றே ஒன்று வந்தால் போதும். சனியனே, வேண்டாம் என்கிறவர்களை எல்லாம் தேடிப்போய்ப் பிடிக்கிறாய், வேண்டும் என்று கெஞ்சுகிறவளிடம் வர உனக்கு என்ன கேடு?

கண்ணீர் முட்டி நீலமும் கலங்கிப்போனது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினாள். ஒரு சிவப்புக்கூட இல்லை. “இனி டொக்டர்கிட்டப் போங்க தங்கச்சி” என்று மக்கீன் தணிந்த குரலில் சொன்னார்.

எப்படிப் பஸ் ஏறினாள், எப்படி மேடு ஏறினாள், அவளுக்கே தெரியாது. காம்பரா வாசலுக்கு வந்தவள் நின்றுவிட்டாள். உள்ளே யோசப் இருமுவது கேட்டது. எந்த முகத்தோடு உள்ளே போவது? அவள் தன் வாசலைத் தாண்டி, லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு நடந்தாள்.

அது இருளாயியின் காம்பரா. காசநோய்க்காரி என்று பெயர் வாங்கியவள். மாத்திரை தின்று எழும்பி நடமாடுகிறாள்தான். ஆனாலும் லயத்தில் ஒருவரும் அவள் கையால் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்கு அவள் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகிவிடுவார்கள். திரேசாவும் விலகியவள்தான்.

இத்தனை பேர் பயந்து ஒதுங்குகிறார்கள் என்றால் இவளிடம் கிருமி இருக்கத்தானே வேண்டும்?

அந்த நம்பிக்கையில்தான் இன்று விடியற்காலையில் இதே வாசலுக்கு வந்து, யோசப்பின் பெயர் ஒட்டிய போத்தலை நீட்டினாள். அவன் சளியில் இல்லை என்றுதான் இரண்டு தடவை பார்த்தாயிற்றே, மூன்றாவது தடவை எங்கிருந்து வரப்போகிறது? கிருமி உண்டு என்று ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் போதும், மாத்திரை கொடுப்பார்கள், அவனும் இருளாயியைப் போல எழும்பி நடப்பான். பாவி மகளுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. இருளாயி உடனே போத்தலை வாங்கினாள். நெஞ்சு நோக இருமித் துப்பி, போத்தலை மூடிக் கொடுத்தாள்.

இப்போது திரேசாவைக் கண்டதும் அவள் பதறி எழுந்தாள்.

“ஐயோ தங்கச்சி, என்னோட கிருமியும் ஒனக்கு ஒதவலையா?”

“ஒங்ககிட்ட ஒண்ணுமே இல்லக்கா. நானே கண்ணால பாத்தேன்.”

இருளாயிக்கு விளங்கவில்லை. திரேசாவுக்காக அழுதுகொண்டே நின்றாள்.

திரேசா ஆணியில் தனியாகத் தொங்கிய டம்ளரை எடுத்தாள். இருளாயி எச்சில்படுத்திக் குடிக்கும் டம்ளர். குடத்தில் மொண்டு வாயில் வைத்தாள். ஐயோ வேண்டாம் என்று தடுக்க நீண்ட இருளாயியின் கை பாதியில் நின்றது.

திரேசா முழுவதையும் குடித்தாள். அந்தப் பக்கம் யோசப் இருமிக்கொண்டிருந்தான்.