பட்டியலில் இல்லாத வீடு

சூறைக்காற்று எந்தெந்த வீட்டைத் தொடும் என்பதைக் கதவிலக்கத்தோடு ரேடார் சொல்லிவிடும். அந்த வீடுகளுக்கு மட்டும் போன் செய்து எச்சரிப்பது மங்கையர்க்கரசியின் வேலை.

"ஐயா, இன்னும் கிளம்பலையா? பதினோரு நிமிஷத்துல உங்க வீட்டுக்குக் காத்து வருது. கிளம்புங்க."

"வீட்டுக்காரி படுத்த படுக்கைம்மா. தூக்க ஆள் கேட்டேன். எங்களுக்குப் போன் வரல, எங்க வீட்டுக்கு ஆபத்தில்லையேன்னு எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திட்டார்."

பட்டியலில் இல்லாத வீட்டை அழைக்கக் கூடாது. அவள் அழைத்தாள்.

"உங்க வீடும் பட்டியல்ல சேர்ந்துடுச்சு சார். எதிர்வீட்டம்மாவையும் தூக்கிட்டு ஓடுங்க!"

தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காற்று பெரியவரின் வீட்டை மட்டும் வாரிக்கொண்டு போனது.

மாலையில் எதிர்வீட்டுக்காரர் போனில் பேசினார்.

"எங்க வீட்ல ஒரு ஓடுகூட அசையல. இனிமே உங்களை எப்படிம்மா நம்புறது?"

அவள் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார். மறுநாள் மனம் கேட்காமல் அழைத்துப் பார்த்தாள். அவளுடைய எண்ணை பிளாக் செய்திருந்தார்.